டிவி சிக்னல் வலு 88, தரம் 30: படம் கட்டம் கட்டமாக உடைகிறது. பெரிய பூஸ்டர் வாங்கலாமா?

சாட்ஸ்வர்த்வாசி:
வணக்கம். தென்னாப்பிரிக்கா, டர்பன், சாட்ஸ்வர்த். தகரக் கூரை வீடு, கூரைக்கு மேல் 3 மீட்டர் குழாயில் பழைய யூஎச்எஃப் (டிவி அலைவரிசை) ஆன்டெனா. அதன் கீழே குழாயிலேயே சிக்னலை 30 டிபி (டெசிபல்) பெருக்கும் பூஸ்டர். அங்கிருந்து சுமார் 20 மீட்டர் ஆர்ஜி-59 வகை ஆன்டெனா கேபிள், சிக்னலைப் பிரிக்கும் நான்கு வழி ஸ்ப்ளிட்டர், இரண்டு டிவி. டிவிபி-டி2 (ஆன்டெனா வழி டிஜிட்டல் டிவி) பாக்ஸ். வலு எப்போதும் 85க்கு மேல் காட்டுகிறது, தரம் மட்டும் 25க்கும் 55க்கும் நடுவில் ஆடுகிறது. மாலை 6 மணிக்கு மேல் இன்னும் மோசம். மழை பெய்தால் சுத்தமாகப் போய்விடுகிறது. 40 டிபி பூஸ்டர் போட்டால் சரியாகுமா?

மின்னலை:
வாங்காதீர்கள். உங்களுக்குச் சிக்னல் குறைவில்லை, கூடுதலாகப் போயிருக்கிறது.

வலுப் பட்டை, பாக்ஸுக்குள் எவ்வளவு ரேடியோ சக்தி வருகிறது என்பதைத்தான் காட்டும். அது டிவி சிக்னலா, இரைச்சலா என்று அதற்குத் தெரியாது. படம் வருமா வராதா என்பதைத் தரம்தான் சொல்லும். வலு அதிகம், தரம் குறைவு என்றால் முதலில் பூஸ்டரைச் சந்தேகிக்க வேண்டும்.

காரணம் இதுதான். டிவிக்கு இப்போது 470 முதல் 694 மெகாஹெர்ட்ஸ் வரை, அதாவது சேனல் 21 முதல் 48 வரை. அதற்கு மேலே 700, 800 பட்டைகளை 2022 மார்ச் ஏலத்தில் மொபைல் நிறுவனங்கள் எடுத்துவிட்டன. பழைய ஆன்டெனாவும் பழைய பூஸ்டரும் 862 வரை வாங்கும்படி செய்யப்பட்டவை. பக்கத்து மொபைல் கோபுரத்தின் சிக்னலும் உள்ளே வந்து 30 டிபி பெருகும்போது பூஸ்டர் திணறி, டிவி பட்டைக்குள்ளேயே புதுக் குப்பையை உண்டாக்குகிறது. மாலையில் எல்லாரும் போனில் இருப்பார்கள், கோபுரமும் முழு வேகத்தில் ஓடும். நீங்கள் சொல்லும் 6 மணிக் கணக்கு இதோடு பொருந்துகிறது.

முதலில் ஒரே ஒரு சோதனை. பூஸ்டரின் மின் இணைப்பை எடுங்கள், பூஸ்டரையும் கழற்றுங்கள். வெறுமனே கரண்டை நிறுத்தினால் போதாது, கரண்டில்லாத பூஸ்டர் சிக்னலை அடைத்துவிடும். இரண்டு கேபிள் முனைகளையும் எஃப் ஜாயின்ட் (டிவி கேபிளின் திருகு இணைப்பான்) போட்டு நேராக இணையுங்கள். ஸ்ப்ளிட்டரையும் ஒதுக்கிவிட்டு ஒரே டிவிக்குக் கொடுங்கள். வலு 50க்கு இறங்கலாம், பயப்படாதீர்கள். தரம் ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேபிள்_கை:
மின்னலை சொன்னது சரி. ஆனால் மழையில் போகிறது என்றீர்களே, அது தனி நோய். இணைப்புகளில் தண்ணீர் புகுந்திருக்கிறது.

ஆன்டெனாவின் பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்து பாருங்கள். திருகுகளில் பச்சை படிந்திருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்து பயனில்லை, பெட்டியையே மாற்றுங்கள். கேபிள் முனையில் ஐந்து சென்டிமீட்டர் தோலை உரியுங்கள். நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் கம்பி வலை பளபளவென்று இருந்தால் நல்லது. கறுத்துப்போயிருந்தால் உள்ளே நீர் ஏறியிருக்கிறது. நல்ல செம்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே வாருங்கள். ஒரு மீட்டர் தாண்டியும் கறுப்பு என்றால் முழுக் கேபிளையும் மாற்றிவிடுங்கள். மாற்றும்போது இழப்புக் குறைந்த ஆர்ஜி-6 போடுங்கள், 20 மீட்டருக்கு இழப்பு 3, 4 டிபிதான். கடல் காற்றுள்ள ஊரில் வலை நெருக்கமாக உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

எஃப் கனெக்டர் போடும்போது நடுக்கம்பி விளிம்பைத் தாண்டி 2, 3 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். வலையின் ஒற்றை மயிரிழை நடுக்கம்பியைத் தொட்டாலும் போச்சு. மல்டிமீட்டரில் பார்க்க, கேபிளின் இரு முனைகளையும் கழற்றிவிட்டு நடுக்கம்பிக்கும் வலைக்கும் இடையே அளந்து பாருங்கள்: தொடர்பே காட்டக்கூடாது. ஆன்டெனாவோடு சேர்த்து அளந்து ஷார்ட் என்று முடிவு கட்டாதீர்கள். பல ஆன்டெனாக்களில் உள்ளே மடித்த கம்பி ஷார்ட்டாகவே காட்டும், அது கோளாறல்ல.

வெளியே உள்ள ஒவ்வோர் இணைப்பின் மேலும் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள், கீழிருந்து மேலாக. சாதாரண கறுப்பு டேப் வெயிலில் ஒரு கோடையில் உரிந்துவிடும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கீழே தொங்கும் வளைவு ஒன்று விடுங்கள், தண்ணீர் அங்கே சொட்டிவிடும்.

சாட்ஸ்வர்த்வாசி:
மிக்க நன்றி அண்ணா. பூஸ்டரை எடுத்து ஒரே டிவிக்கு நேராகக் கொடுத்தேன். வலு 54, தரம் 72, ஆடவில்லை. கேபிள் முனை கறுத்துத்தான் இருந்தது, வெட்டி எடுத்துவிட்டேன். ஆனால் ஸ்ப்ளிட்டரைத் திரும்பப் போட்டால் பின்னறை டிவியில் தரம் 45க்குக் குறைகிறது. இனி சிறிய பூஸ்டர் போடலாமா?

மின்னலை:
அதற்கு முன் இலவசமாகக் கிடைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு டிவிக்கு நான்கு வழி ஸ்ப்ளிட்டர் வேண்டாம். அது 7, 8 டிபி சாப்பிடும், இரண்டு வழியுள்ளது 4க்குள். ஆர்ஜி-59ஐ மாற்றினால் இன்னும் கொஞ்சம் மிச்சம்.

அடுத்து திசை. உங்கள் பகுதிக்கு அல்வர்ஸ்டோன் மலைக் கோபுரம் வடமேற்கே, சுமார் 20 கிலோமீட்டர். இடையில் மேடு இல்லாவிட்டால் நல்ல சிக்னல். பள்ளத்து வீடு என்றால் ஒளிபரப்புக் கோபுரங்களை நடத்தும் சென்டெக் நிறுவனத்திடம் முகவரி கொடுத்து எந்தக் கோபுரம் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அண்டை வீட்டு ஆன்டெனாக்களின் கம்பிகள் கிடையாக உள்ளனவா செங்குத்தாகவா என்றும் பாருங்கள், உங்களுடையது தவறினால் பெருமளவு இழப்பு. செங்குத்தாக வைக்க நேர்ந்தால் இரும்புக் குழாய் கம்பிகளுக்கு நடுவே வரக்கூடாது, குழாயிலிருந்து தள்ளிப் பிடியுங்கள்.

ஒருவர் டிவியில் தரத்தைப் பார்க்க, ஒருவர் மேலே ஐந்து டிகிரி திருப்பிவிட்டு நான்கைந்து விநாடி காத்திருக்க வேண்டும், பாக்ஸ் தாமதமாகத்தான் காட்டும். திசை கிடைத்த பின் உயரத்தையும் 30, 50 சென்டிமீட்டர் ஏற்றி இறக்கிப் பாருங்கள். தகரத்தில் பட்டுத் திரும்பும் அலையும் நேர் அலையும் ஒன்றையொன்று அடிக்கும் உயரம் ஒன்று இருக்கும், அதைத் தவிர்த்தால் தரம் சட்டென்று ஏறும்.

இத்தனைக்குப் பிறகும் பின்னறையில் 60க்குக் கீழே என்றால் மட்டும் 12 முதல் 15 டிபி வரையுள்ள, அளவைக் கூட்டிக் குறைக்க முடிகிற பூஸ்டர். ஆன்டெனா அருகிலேயே வைக்க வேண்டும், டிவிக்குப் பின்னால் வைத்தால் கேபிளில் இழந்தது திரும்பி வராது. பூஸ்டருக்கு முன்னால் 694க்கு மேல் வெட்டும் ஃபில்டர், பின்னால் போட்டால் பயனில்லை. கேபிள் வழியே பூஸ்டருக்குக் கரண்ட் அனுப்பும் மின் அடாப்டர் ஸ்ப்ளிட்டருக்கு முன்னால் இருக்கட்டும், அல்லது கரண்டைக் கடத்தும் ஸ்ப்ளிட்டராக வாங்குங்கள்.

கேபிள்_கை:
ஒன்று விட்டுப்போனது. இன்வெர்ட்டரும் மலிவு எல்இடி விளக்குகளும் கூடத் தரத்தைக் கெடுக்கும். தரம் திரும்ப ஆட ஆரம்பித்தால் டிவி, பாக்ஸ் தவிர மற்ற பிரேக்கர்களை ஒவ்வொன்றாக இறக்குங்கள், எதை இறக்கும்போது ஏறுகிறதோ அந்தச் சுற்றில்தான் குற்றவாளி. குழாயைத் தடித்த செம்புக் கம்பியால் எர்த் செய்யச் சான்றுள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், உங்கள் பக்கம் இடி சும்மா விடாது. தகரம் ஈரமாக இருக்கும் வரை கூரையில் ஏறாதீர்கள்.