மாணவர்கள் கொடுத்துவிட்டுப் போன டெஸ்டுகள்: உடைந்தால் யார் பார்ப்பது?

பாலாறு_கரை எழுதியது:
நம் முகவரி பிரிக்கும் லைப்ரரியில் (மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் கோடு) ஒரு பஞ்சாயத்து. தமிழில் ஒரே வரியாக எழுதிய முகவரியை ஊர், தாலுகா, மாவட்டம், பின்கோடு என்று பிரித்துத் தரும், அவ்வளவுதான் அதன் வேலை. 2018-இல் வேலூர்ப் பக்கத்து மாணவர்கள் சிலர் பெரிய டெஸ்ட் தொகுப்பு ஒன்றை, அதாவது கோடு சரியான விடை தருகிறதா என்று தானாகச் சரிபார்க்கும் நிரல்களை, எழுதிக் கொடுத்தார்கள், நம் கோடோடு மெர்ஜ் செய்து சேர்த்துக்கொண்டோம். படிப்பு முடிந்ததும் ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட்டார்கள். மெயில் போட்டால் பதில் இல்லை. போன வாரம் மாவட்டப் பட்டியலைப் புதுப்பித்தேன், சிஐ (மாற்றம் வரும்போதெல்லாம் டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் அமைப்பு) முழுக்கச் சிவப்பு, டெஸ்டுகள் தோல்வி. எழுதியவர் பராமரிக்கவில்லை என்றால் அந்தக் கோப்புகளைத் தூக்கிவிடலாம் என்பது என் கருத்து. வெளியீட்டை இதற்காக நிறுத்தி வைக்க முடியாது.

குடியாத்தம்காரி:
மெர்ஜ் பட்டனை அமுக்கியது மாணவர்களா, நாமா? உள்ளே வந்த பிறகு அது நம் கோடுதான். எதனால் சிவப்பு என்று திறந்து பார்த்தேன். "பைபாஸ் ரோடு, ஆம்பூர்" கொடுத்தால் "வேலூர்" வர வேண்டும் என்று டெஸ்ட் எதிர்பார்க்கிறது. 2019 நவம்பரிலேயே ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது, அரக்கோணம் ராணிப்பேட்டைக்கு. பட்டியலை மாற்றியது நீங்கள். உடைத்தவர்தான் ஒட்ட வேண்டும் அண்ணா. அந்த மாற்றத்தைப் பதிவு செய்த அதே கமிட்டில் எதிர்பார்ப்பையும் மாற்றியிருந்தால் இந்த இழையே வந்திருக்காது.

பாலாறு_கரை:
ஆம்பூர், அரக்கோணம் எல்லாம் சுலபம்மா, அதை நான் மறுக்கவில்லை. இதைப் பார்: "ஆரணி, வ.ஆ. மாவட்டம்" கொடுத்தால் "வட ஆற்காடு" வர வேண்டுமாம். 1989-இல் வட ஆற்காடு இரண்டானபோதே ஆரணி திருவண்ணாமலைப் பக்கம் போயாச்சு. இப்போது கோடு "திருவண்ணாமலை" என்று தருகிறது. தப்பு கோடிலா, டெஸ்டிலா? பக்கத்தில் ஒரு வரி கமென்ட் கூட இல்லை. கோடு என்ன தருகிறதோ அதையே எதிர்பார்ப்பாக ஒட்டிவிட்டால் பச்சையாகிவிடும், ஆனால் அப்புறம் அதற்குப் பெயர் டெஸ்டா? காரணம் தெரிந்தவன் எழுதியவன் ஒருவன்தான். அதனால்தான் அவன் பொறுப்பு என்கிறேன்.

ராணிப்பேட்டை_லோகல்:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நான் இந்த லைப்ரரியைப் பழைய பத்திரங்களைக் கணினியில் ஏற்றும் வேலைக்குப் பயன்படுத்துகிறேன். பத்திரத்தில் "வ.ஆ. மாவட்டம்" என்று இருந்தால் அப்படியே ஏற்ற வேண்டும், நாமாகத் திருவண்ணாமலை என்று திருத்தினால் வில்லங்கம் பார்க்கிறவர் நம்மைத்தான் பிடிப்பார். முகவரியிலேயே மாவட்டம் எழுதியிருந்தால் அதை மதி, இல்லாவிட்டால் மட்டும் பட்டியலைப் பார் என்பதுதான் அந்த டெஸ்ட். என் கணக்கில் டெஸ்ட் சரி, புதிய பட்டியலோடு வந்த மாற்றம் தப்பு. தூக்கியிருந்தால் இது எனக்குப் பத்திரம் ஏற்றிய பிறகுதான் தெரிந்திருக்கும்.

சத்துவாச்சாரி_07:
பாலாறு அண்ணன் பக்கம் நான். ஆள் இல்லாத டெஸ்ட் வெறும் சுமை மட்டும் இல்லை, ஆபத்தும்தான். 2024 மார்ச்சில் எக்ஸ்இஸட் (கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள்) விவகாரம் வெளியே வந்ததே, 5.6.0, 5.6.1 பதிப்புகளில். திருட்டுத்தனமாக உள்ளே நுழைய வைத்த பின்கதவுக்கான கோடை எங்கே ஒளித்து வைத்திருந்தார்கள்? டெஸ்டுக்கான சுருக்கக் கோப்புகளுக்குள். டெஸ்ட் கோப்பு என்றால் யாரும் திறந்து பார்ப்பதில்லை என்ற தைரியம்.

குடியாத்தம்காரி:
அந்த உதாரணம் உங்களுக்கே திரும்பும் தம்பி. அதை உள்ளே வைத்தது கொடுத்துவிட்டு ஓடிப்போன யாரோ இல்லை, பொறுப்பில் இருந்த இணைப் பராமரிப்பாளர். "எழுதியவரே பார்த்துக்கொள்வார்" என்று விட்டதன் பலன்தான் அது.

பாலாறு_கரை:
சரி, பெரிய இடங்களில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். பைத்தான் நிரல்மொழியில் ஒரு இயங்குதளம் மூன்றாம் அடுக்கு (இருப்பதிலேயே கீழ்நிலை) ஆதரவு பெறவே, அதைப் பார்த்துக்கொள்வதாகக் குறைந்தது ஒரு கோர் டெவலப்பர் (மையக் குழு உறுப்பினர்) பெயர் கொடுக்க வேண்டும். பெயர் கொடுக்க ஆள் இல்லையா, ஆதரவும் இல்லை. டெஸ்டுக்கும் அதே விதியை வைப்போம். இல்லாவிட்டால் லினக்ஸுக்கு எல்டிபி என்ற டெஸ்ட் தொகுப்பு தனி ரிப்போவில் (கோடு சேமிப்பிடத்தில்) இருக்கிற மாதிரி இதையும் வெளியே வைப்போம்.

குடியாத்தம்காரி:
பாதியைத்தான் சொல்கிறீர்கள். அங்கே பெயர் கொடுப்பவர் கோர் டெவலப்பர், அதாவது வீட்டு ஆள், வெளியிலிருந்து கொடுத்துவிட்டுப் போனவர் இல்லை. நான் கேட்பதும் அதைத்தான். எல்டிபி தனியாக இருந்தாலும் லினக்ஸின் மையமான கெர்னலின் கோடுக்குள்ளேயே செல்ஃப்டெஸ்ட் என்று டெஸ்டுகளுக்குத் தனி அடைவு இருக்கிறது. உள்ளே இருந்தால்தான் கோடும் டெஸ்டும் ஒரே பேட்சில் (திருத்தத்தில்) சேர்ந்து மாறும். வெளியே வைத்தால் சிஐ பச்சையாகத்தான் இருக்கும், ராணிப்பேட்டை சாரின் பத்திரம் மட்டும் கெடும்.

சத்துவாச்சாரி_07:
அப்படியென்றால் எஸ்க்யூலைட் தரவுத்தளக்காரர்கள் மாதிரி வெளியாள் கோடே வேண்டாம் என்று சொல்லிவிடலாமே? அவர்கள் கணக்குப்படி கோடைப் போல 590 மடங்கு டெஸ்ட் வைத்திருக்கிறார்கள், அதையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

குடியாத்தம்காரி:
அவர்களுக்கு அதுவே முழுநேர வேலை. நமக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். வெளியாள் கொடுக்காவிட்டால் நம்மிடம் டெஸ்டே இருக்காது. புரியாத டெஸ்டை, சேர்ப்பதற்கு முன் பார்க்கும் ரிவ்யூவிலேயே "ஏன் இப்படி எதிர்பார்க்கிறாய்" என்று கேட்டு, ஒரு வரி எழுத வைத்து வாங்குவோம். வாங்கிய பிறகு நம் தலையில்தான்.

பாலாறு_கரை:
புதிதாக வருவதற்கு ஒத்துக்கொள்கிறேன். பழைய குவியலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அதையெல்லாம் உட்கார்ந்து படிக்க எனக்கு நேரம் கிடையாது. ஆம்பூர் வகையறாவை நான் மாற்றுகிறேன். காரணம் தெரியாதவற்றை ஓடாதபடி ஸ்கிப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு இஷ்யூ (பிரச்சினைப் பதிவு) திறந்துவிடுகிறேன். அடுத்த வெளியீட்டுக்குள் யாரும் எடுக்காவிட்டால் நீக்கம்.

ராணிப்பேட்டை_லோகல்:
ஆரணி வரியை ஸ்கிப் போடாதீர்கள் சார். அதை நான் எடுத்துக்கொள்கிறேன், கமென்டோடு அனுப்புகிறேன். மற்ற இஷ்யூக்களைத் திறந்ததும் இங்கே இணைப்பு போடுங்கள், எங்கள் ஆபீஸ் தொடர்பாக இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறேன்.