புதுப்பிப்பு: கோப்ரா நகலில் 460 எஞ்சின், பானட் மூடிவிட்டது

போன மாதம் புலம்பியிருந்தேன்: கோப்ரா (1960-களின் ஸ்போர்ட்ஸ் கார்) நகலுக்குள் ஃபோர்டு 460 எஞ்சினை, அதாவது 7.5 லிட்டர் வி8-ஐ இறக்கியாயிற்று. பானட் மூடவில்லை, எக்ஸாஸ்ட் குழாய் டிரைவர் கால் வைக்கும் பெட்டியில் இடிக்கிறது என்று.

பானட் பிரச்சினை தீர்ந்தது. எஞ்சினைத் தாங்கும் மவுண்டைக் கொஞ்சம் இறக்கி, உயரம் குறைந்த ஏர் கிளீனர் போட்டேன். அதன் மேல் சப்பாத்தி மாவு உருண்டை வைத்து பானட்டை மூடித் திறந்தால், நசுங்கிய மாவு 12 மி.மீ. தடிமன் இருக்கிறது, அதாவது அவ்வளவு இடைவெளி. போதும்.

எக்ஸாஸ்ட் குழாய்க்கு இடம் விட, கால் பெட்டியை வெட்டி உள்ளே தள்ளினேன். இப்போது பெடல்களுக்கு இடம் குறைந்து, அகல ஷூ போட்டால் பிரேக்கோடு கிளட்சும் சேர்ந்து அமுங்குகிறது!

“1965 அசல் கோப்ராவிலேயே 7 லிட்டர் இருந்ததே?” என்று ஒருவர் கேட்டிருந்தார். இருந்தது, ஆனால் அதற்காகக் காரின் அடிச்சட்டத்தின் (சேசிஸ்) 3 அங்குலக் குழாய்களை 4 அங்குலமாக்கி, லீஃப் (பட்டை) ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு காயில் (சுருள்) ஸ்பிரிங் போட்டார்கள். என் அடிச்சட்டமோ 302 என்ற சிறிய ஃபோர்டு வி8-க்காகச் செய்தது. எடை சுமார் 100 கிலோ கூடியதில் காரின் மூக்கு தொங்குகிறது. கடினமான ஸ்பிரிங் ஆர்டர் செய்திருக்கிறேன்.

அப்புறம், நின்ற இடத்தில் பத்து நிமிடம் ஓடினால் வெப்ப முள் ஏறுகிறது. சனிக்கிழமை ஃபேனை மாற்றிப் பார்க்கிறேன்.