3 வயதில் எழுத வரவில்லை என்றால் பள்ளி சரியில்லையா?

கேள்வி: மகளை மழலையர் பள்ளியில் சேர்த்து நான்கு மாதம் ஆகிறது, தினமும் களிமண், மணல், கதை என்றுதான் வந்து சொல்கிறாள், ஓர் எழுத்துகூட எழுதத் தெரியவில்லை. பள்ளியை மாற்றலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். களிமண் பிசையும்போதுதான் பென்சில் பிடிக்க விரல்களுக்கு வலு வருகிறது, கதை கேட்டால் சொற்கள் பெருகும். குழந்தை அழுதால் ஆசிரியர் குனிந்து முகம் பார்த்துப் பேசுகிறாரா, ஒருவர் எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறார், ஆசிரியர்கள் அடிக்கடி மாறுகிறார்களா என்று பாருங்கள்.

பதில்: சொல்லாமல் ஒருநாள் போய்ப் பாருங்கள். என் மகனின் பழைய பள்ளியில் எழுத்தெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள், ஆனால் கழிவறைக்குப் போகணும் என்று கேட்கவே பயந்தான். மாற்றிவிட்டோம்.

கேட்டவர்: சரி, நாளைக்கே போகிறேன். காலையில் அழாமல்தான் கிளம்புகிறாள், வீட்டிலும் டீச்சர் பேச்சுதான்.