பாணிக்காலமும் செய்காலமும்: பழம்பொருள் துறைக்குச் சில சொற்கள்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

பழைய அறைகலன், பீங்கான், வெள்ளிக்கலம் ஆகியவற்றை அவற்றின் வடிவமைப்பையும் காலத்தையும் கொண்டு இனங்காணும் துறைக்கான சொற்பட்டியலில், ‘ஸ்டைல்’ என்பதற்குப் பாணி என்றும் ‘பீரியட்’ என்பதற்குக் காலகட்டம் என்றும் முந்தைய மடல்களில் ஏறத்தாழ முடிவாகியிருக்கிறது. பாணியில் எனக்கு மறுப்பில்லை. பழைய நூல்களில் பாட்டையும் தாளத்தையும் குறித்த அச்சொல் இன்று பேச்சு, கட்டடம், சமையல் என எல்லாவற்றுக்கும் பழகிவிட்டது. அதை அசைக்க வேண்டாம். எனக்கு இடறுவது காலகட்டம்தான்.

இவ்விரு ஆங்கிலச் சொற்களும் ஏலப் பட்டியல்களில் ஒன்றுக்கொன்று எதிராக நிற்பவை. இங்கிலாந்தின் அரசி ஆன் பெயரால் வழங்கும் பாணியில் அமைந்த ஒரு நாற்காலியைக் ‘குயின் ஆன் பீரியட்’ என்று குறித்தால், அவ்வடிவம் புதிதாக வழக்கில் இருந்தபோதே அது செய்யப்பட்டது என்று பொருள். ‘குயின் ஆன் ஸ்டைல்’ என்று குறித்தால், முழங்காலில் புடைத்துக் கணுக்காலில் மெலியும் அதே வளைகால்கள் அதற்கும் உண்டு, ஆனால் செய்தவர் பிற்காலத்தவர் என்று பொருள். வாங்குபவருக்கு இந்த ஒரு சொல்லில்தான் விலையே இருக்கிறது. நாம் ‘குயின் ஆன் காலகட்ட நாற்காலி’ என்று எழுதினால், படிப்பவர் அந்த அரசி ஆண்ட 1702 முதல் 1714 வரையிலான ஆண்டுகளைத்தான் நினைப்பார். அமெரிக்கக் குடியேற்றங்களிலோ அப்பாணி அரசி மறைந்த பிறகே, 1720களிலிருந்து, செழித்தது. அங்கே அப்போது செய்யப்பட்டவற்றையும் இத்துறையினர் ‘பீரியட்’ என்றே ஏற்கின்றனர். ஆகவே அச்சொல் சுட்டுவது அரசியின் காலத்தை அன்று, பாணியின் காலத்தை.

இதனால் நான் இரண்டு சொற்களை முன்வைக்கிறேன். ஒரு பாணி ஓரிடத்தில் நடப்பு வழக்காக இருந்த காலம் பாணிக்காலம். கையில் இருக்கும் பொருள் உண்மையில் செய்யப்பட்ட காலம் செய்காலம். இரண்டும் ஒத்துப்போனால் அது உடன்காலப் பொருள். செய்காலம் பிந்தியிருந்தால் அது வழிப்பொருள்.

செய்காலம் வினைத்தொகை ஆயிற்றே, காலத்தைக் கறாராகச் சொல்ல வேண்டிய சொல்லே காலம் கரந்து நிற்கலாமா என்று யாரேனும் கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். ஊறுகாயைக் கையில் எடுத்தவர் எவரும் ஊறியதா, ஊறுகிறதா, இனி ஊறுமா என்று மயங்குவதில்லை. அந்த அளவுக்கு இதுவும் தெளிவுதான். ‘உற்பத்திக் காலம்’ என்றால் ஆலைப் புகை மணக்கிறது. ‘ஆக்கக் காலம்’ என்பது செய்து முடிக்க எடுத்துக்கொண்ட நாள்களையும் குறித்துவிடும்.

வழிப்பொருள் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். முந்தைய மடல் ஒன்றில் இதற்குப் ‘போலி’ என்று பரிந்துரைக்கப்பட்டிருந்தது. இலக்கணத்தில் போலி குற்றமற்ற சொல்; ஓர் எழுத்து நின்ற இடத்தில் வேறோர் எழுத்து வந்தும் பொருள் மாறாமல் இருப்பதையே அது குறிக்கிறது. ஆனால் இன்றைய வழக்கில் அது ஏமாற்றைக் குறிக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இடைக்கால ஐரோப்பாவின் கோதிக் பாணியை ஆசையோடு மீட்டெடுத்துச் செய்த ஒரு தச்சரை நாம் மோசடிக்காரராக்கிவிடக் கூடாது. நூல்களை முதல், வழி, சார்பு என்று பகுக்கும் நன்னூல், முன்னோர் நூலோடு முடிவில் ஒத்து, பின்னோர் விரும்பும் வேறுபாடுகளையும் கொண்டு வருவதே வழிநூல் என்கிறது. மீட்டெழுந்த பாணிகளில் செய்யப்பட்ட பொருள்களுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. அதே முறையில் மூலத்தை ‘முதற்பொருள்’ எனலாமே என்றால், அகப்பாடல் படிப்பவர்களுக்கு அது நிலமும் பொழுதும் ஆகிவிடும். எனவேதான் உடன்காலப் பொருள் என்று சுற்றிவர வேண்டியிருக்கிறது.

போலிக்கும் வழிப்பொருளுக்கும் இடையிலான கோடு பீங்கானில் இன்னும் நுட்பமானது. காங்சி பேரரசர் ஆண்ட 1662 முதல் 1722 வரையிலான காலத்துச் சீனக் கலங்கள் பலவற்றின் அடியில், 1465 முதல் 1487 வரை ஆண்ட செங்குவா பேரரசரின் ஆட்சிக்குறி, அதாவது யாருடைய ஆட்சியில் செய்யப்பட்டது என்று காட்டும் குறி, எழுதப்பட்டிருக்கும். பழைய கைத்திறனுக்குச் செலுத்திய மரியாதையாகவும் அது எழுதப்பட்டதால், குறி பொய்யானாலும் கலத்தைப் போலி என்று தள்ளிவிட முடியாது. நம் சொற்களில் அது குறிமாறிய வழிப்பொருள்.

இச்சொற்கள் அறிஞர் அவைக்கு மட்டும் உரியவை அல்ல. இனங்காணும் வேலையின் நடைமுறையே இந்தப் பிரிவின்மேல்தான் நடக்கிறது. காலின் வளைவும் செதுக்கிய சிப்பியும் பாணியைத்தான் சொல்லும். செய்காலத்தைச் சொல்பவை பெரும்பாலும் கண்ணுக்கு மறைந்த இடங்களில் இருக்கும். பலகையின் பின்புறத்தில் வில்போல வளைந்த வாள் தடம் இருந்தால் அதை அறுத்தது வட்டவாள். வட்டவாள் பின்னாளில் வந்தது என்பதால் அந்தப் பலகை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தது ஆகாது. கூர்முனை கொண்ட மரத்திருகாணி 1840களுக்குப் பிறகே பரவியது. தலையில் சிலுவை வெட்டுள்ள திருகாணியோ 1930களில்தான் வந்தது. மரம் தன் இழைக்குக் குறுக்கே சுருங்குவதால் மிகப் பழைய வட்டமேசையை அளந்தால் ஒரு திசையில் சற்றுக் குறைந்திருக்கும். திருகாணியைப் பின்னாளில் எவரேனும் மாற்றியிருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது; ஒற்றைச் சான்றை நம்பித் தீர்ப்பு எழுதுபவர்கள் விலைக்கு வாங்கிய பாடங்கள் ஏராளம்.

மூன்றாவதாக ஒரு காலமும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிரிட்டனில் 1842 முதல் 1883 வரை பதிவான வடிவங்களுக்கு வைரவடிவக் குறி ஒன்று பொறிக்கப்பட்டது. அதிலுள்ள எழுத்துகளைக் கொண்டு நாளைக்கூடக் கண்டுவிடலாம். ஆனால் அது வடிவம் பதிவான நாளே தவிர, அக்குறியுள்ள பீங்கான் தட்டு சூளையிலிருந்து வெளிவந்த நாள் அன்று. தோனெட் என்ற அறைகலன் நிறுவனத்தின் 14ஆம் எண் வளைமர நாற்காலி 1859இல் அறிமுகமாகிப் பல பத்தாண்டுகள் மாறாமல் செய்யப்பட்டது. அவற்றுள் பிந்தையதை வழிப்பொருள் என்பது அநியாயம். இப்படி ஒரு வடிவம் முதலில் பதிவான அல்லது அறிமுகமான ஆண்டுக்கு வடிவாண்டு என்ற சொல் போதும் என்று நினைக்கிறேன்.

‘ஆன்டிக்’ என்பதற்குத் தொல்பொருள் வேண்டாம். அதை அகழாய்வுக்கு விட்டுவிட்டு, பல நாடுகளின் சுங்க விதிகள் கொள்ளும் 100 ஆண்டு வரம்போடு பழம்பொருள் என்றே வழங்கலாம். ‘கலெக்டிபிள்’ திரட்டுபொருள் ஆகலாம். வயது வரம்பு அதற்கு இல்லை. பாணிப் பெயர்களை மொழிபெயர்ப்பது வீண் வேலை. ஆர்ட் டெகோ என்ற பெயரே 1925ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியை ஒட்டிப் பிறந்து 1960களில்தான் பரவியது. அப்பாணியில் செய்தவர்களுக்கே தெரியாத பெயருக்கு நாம் வேர்ச்சொல் தேட வேண்டியதில்லை.

ஒன்றில் மட்டும் எனக்கு உதவி வேண்டும். ஓர் அலமாரியின் மேற்பகுதியையும் வேறோர் அலமாரியின் கீழ்ப்பகுதியையும் பின்னாளில் பொருத்தி ஒன்றாக்கியதை ஆங்கில வணிகர்கள் ‘மேரேஜ்’ என்பார்கள். இரண்டு பாதிகளுக்கும் தனித்தனிச் செய்காலம் இருக்கும். திருமணப் பொருள் என்று எழுதினால் சீர்வரிசை என்றுதான் எண்ணுவார்கள். ஒட்டுமாவை நினைத்து ஒட்டுப்பொருள் என்று தற்காலிகமாகக் குறித்து வைத்திருக்கிறேன். உடைந்ததைப் பசையிட்டு ஒட்டியது என்ற மயக்கம் வருகிறது. மரவேலை அறிந்தவர்கள் இதைவிட நல்ல சொல் தந்தால் பட்டியலில் மாற்றிவிடுகிறேன்.