வரிசை எண் பத்துக்குள் வந்ததும் வெளியே தள்ளுகிறது, உதவி!

இரவுக்கோட்டான்
அவசரம். லாகின் கொடுத்தால் வரிசை எண் வருகிறது, குறைந்துகொண்டே போகிறது, பத்துக்குள் வந்ததும் 'இணைப்பு துண்டிக்கப்பட்டது'. திரும்பப் போனால் மறுபடி ஆயிரக்கணக்கில். நெட் நன்றாக இருக்கிறது, ஸ்பீட் டெஸ்ட் பார்த்தாச்சு. பசங்க எல்லாம் உள்ளே ஆடுகிறார்கள். யாராவது சொல்லுங்க.

மொட்டைமாடி
எந்த கேம்? பிசியா, பிஎஸ்5-ஆ? எரர் கோட் என்ன?

இரவுக்கோட்டான்
இன்றைக்கு எல்லோரும் ஆடுகிற அதே கேம்தான் ப்ரோ. பிசி.

மொட்டைமாடி
எரர் கோட்?

கேபிள்காரன்
டிஎன்எஸ்-ஐ (தளத்தின் பெயரை முகவரி எண்ணாக மாற்றித் தரும் சேவை) கூகுளின் 8.8.8.8 என்று மாற்றிப் பாருங்க. எனக்கு எப்போதும் அதுதான் தீர்வு.

சுண்டெலி
வரிசை எண் வருகிறது என்றால் லாகின் சர்வர் வரை போய்ச் சேர்ந்துவிட்டார் என்றுதானே அர்த்தம்? இதில் டிஎன்எஸ் என்ன செய்யும்?

கேபிள்காரன்
செய்து பார்க்காமல் பேசாதீங்க.

வீணாப்போனவன்
நாட் டைப் ஸ்ட்ரிக்ட்டாக இருக்கும், அதாவது வெளியிலிருந்து வரும் இணைப்பை ரவுட்டர் தடுக்கும். ரவுட்டரில் யூபிஎன்பி ஆன் பண்ணுங்க, கேமுக்கு வேண்டிய வழியை அதுவே திறந்துவிடும்.

சுண்டெலி
அது உள்ளே போன பிறகு, பசங்களோடு பார்ட்டி சேரும்போது வருகிற தொல்லை. இவர் இன்னும் வாசலைத் தாண்டவில்லை.

பழையபெருச்சாளி
தம்பி, இங்கே தேடல் பெட்டி என்று ஒன்று இருக்கிறது, எதற்கு என்று நினைத்தீர்கள்? வெளியாகும் அன்றே ஆடுகிறவர்களுக்கு இது புதிதல்ல. 2012 மே 15 அன்று டயாப்லோ 3 வந்தபோது தனியாக ஆடுகிறவனைக்கூட 'எரர் 37' உள்ளே விடவில்லை. ஒரு வாரம் பொறுத்து ஆடுங்கள். நான் அப்படித்தான்.

ஞாயிறுமட்டும்
காசு வாங்கும்போது மட்டும் அவர்கள் ஒரு வாரம் பொறுப்பார்களா அண்ணா? அதே டயாப்லோ 3-க்குக் கொரியாவில் வணிகப் போட்டி ஆணையம் அதை வெளியிட்ட பிளிசார்ட் கம்பெனியின் அலுவலகத்தில் சோதனை போட்டது. 40-ஆம் லெவலுக்குக் கீழே இருந்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டி வந்தது. பொறுத்துக்கொண்டே இருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா?

பழையபெருச்சாளி
சர்வர் என்ன கடையில் கிலோ கணக்கில் கிடைக்கிறதா?

ஞாயிறுமட்டும்
கிடைக்காதுதான். 2021 டிசம்பரில் ஃபைனல் ஃபேன்டஸி 14-க்கும் சிப் தட்டுப்பாட்டால் கிடைக்கவில்லை. அவர்கள் என்ன செய்தார்கள்? புதிதாக விற்பதையே கொஞ்ச நாள் நிறுத்தினார்கள், ஏற்கெனவே சந்தா கட்டியவர்களுக்கு இலவச நாட்கள் கொடுத்தார்கள். இடம் இல்லை என்றால் டிக்கெட் விற்காதே, அவ்வளவுதான்.

சுண்டெலி
சர்வர் சேர்த்தால் மட்டும் தீர்ந்துவிடாது. 2024 பிப்ரவரியில் ஹெல்டைவர்ஸ் 2 ஒரே நேரத்தில் 4.5 லட்சம் பேர் என்று உச்சவரம்பு வைத்தது. பின்னணி நிரலே அதற்கு மேல் தாங்கவில்லை. உள்ளே போனவர்கள் இடம் போய்விடும் என்று கேமை அணைக்காமல் தூங்கப் போனார்கள். கடைசியில் சும்மா நிற்பவர்களை வெளியேற்றும் வசதியைச் சேர்த்தார்கள். நம் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை.

வீணாப்போனவன்
நாட் டைப் பார்த்தீர்களா?

மொட்டைமாடி
கேட்டவரை விட்டுவிட்டீர்களே. கோட்டான், லேன் கேபிளா, வைஃபையா? டெஸ்க்டாப்பா, லேப்டாப்பா?

இரவுக்கோட்டான்
லேப்டாப். போன் ஹாட்ஸ்பாட். வரிசையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போவேன், வந்து பார்த்தால் இப்படி.

மொட்டைமாடி
இதை முதலிலேயே சொல்ல வேண்டாமா! ஸ்பீட் டெஸ்ட் அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் சாட்சி. சிக்னல் சில நொடி விட்டுப்போனாலும் வரிசையில் உங்கள் இடம் போய்விடலாம். பந்தியில் பாதியில் எழுந்தால் இலை அடுத்தவனுக்கு. லேப்டாப் ஸ்லீப் போகாமல் வையுங்கள். டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட்டில் மின்சாரம் மிச்சம் பிடிக்க அணைக்கலாம் என்கிற டிக்கை எடுங்கள். போனை சார்ஜரில் போட்டு லேப்டாப்போடு யூஎஸ்பி கேபிளில் இணைத்தால்... இல்லை, போனில் சார்ஜருக்கும் கேபிளுக்கும் ஒரே ஓட்டை. லேப்டாப்பைச் சார்ஜில் போட்டு, போனை அதில் செருகி யூஎஸ்பி டெதரிங் (போன் நெட்டைக் கேபிள் வழியாகத் தருவது) போடுங்கள். அப்புறம் ரீட்ரை பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்காதீர்கள், ஒவ்வொரு தட்டும் லாகின் சர்வருக்கு ஒரு சுமை.

கேபிள்காரன்
டிஎன்எஸ்-உம் மாற்றிவிடுங்க, நஷ்டமில்லை.

பழையபெருச்சாளி
ஹாட்ஸ்பாட்டில் ஆன்லைன் கேம். கலிகாலம்.

ஞாயிறுமட்டும்
எல்லோர் வீட்டிலும் ஃபைபர் இருக்கிறதா சார்?

இரவுக்கோட்டான்
உள்ளே போயாச்சு. நன்றி.

சுண்டெலி
எது வேலை செய்தது?

கேபிள்காரன்
டிஎன்எஸ்தானே?

புதுவரவு
எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் பிஎஸ்5, லேன் கேபிள்தான். கோட்டான் ப்ரோ, என்ன செய்தீங்க?