கதிருக்கு வண்டிச் சாவி

கானாடுகாத்தான் அண்ணன்: கதிருக்குக் காரைக்குடியில் காலேஜ் சீட் கிடைத்துவிட்டது. பஸ்ஸில் போய்வருவது சிரமம் என்கிறான். என் வண்டியைக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

தேவகோட்டை ஆச்சி: சந்தோஷம்ப்பா. 18 ஆகிவிட்டதா அவனுக்கு?

கானாடுகாத்தான் அண்ணன்: வருகிற தையில் ஆகும் ஆச்சி. ஊருக்குள் நன்றாகத்தான் ஓட்டுகிறான்.

நான்: வேண்டாம் அண்ணே. நம் தெருவில் ஓட்டுவதும் திருச்சி ராமேஸ்வரம் ரோட்டில் ஏறுவதும் ஒன்றா? லாரி உரசுகிற மாதிரி கடந்து போனால் என்ன செய்வான்?

கதிர்: 16 வயதிலேயே லைசென்ஸ் உண்டு என்கிறார்களே அத்தை?

நான்: அது கியர் இல்லாத, 50 சிசிக்கு மேல் போகாத வண்டிக்கு மட்டும்டா. அப்பாவுடையது 125 சிசி கியர் வண்டி. அதற்கு 18 முடிய வேண்டும்.

காரைக்குடி தம்பி: நானும் லைசென்ஸ் எடுக்காமல்தான் ஓட்டினேன். பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வளைவில் மணல் கிடந்தது. பயத்தில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துவிட்டேன். சக்கரம் வழுக்கி, தோள்பட்டை எலும்பு முறிந்தது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும், சாய்ந்திருக்கும்போது முன் பிரேக்கை அழுத்தக் கூடாது என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆத்தா அழுதது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

தேவகோட்டை ஆச்சி: எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கினால் மட்டும் எல்லாம் வந்துவிடுமா?

நான்: வராது ஆச்சி. எட்டில் தெரிவது கால் ஊன்றாமல் மெதுவாகத் திருப்பும் பிடிமானம்தான். ரோடு பழகுவது எல்எல்ஆர், அதாவது வண்டி பழகுவதற்குத் தரும் லைசென்ஸ், கையில் இருக்கும் காலத்தில். எல்எல்ஆர் 6 மாதம் செல்லும், 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட். பலர் அந்த ஒரு மாதத்தைச் சும்மா கழித்துவிட்டு, கடைசி நாளில் எட்டு மட்டும் பழகுகிறார்கள். அதுதான் எனக்குப் பயம்.

கானாடுகாத்தான் அண்ணன்: போலீஸ் பிடித்தால் அபராதம் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

நான்: 2019-இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள் அண்ணே. 18 ஆகாத பிள்ளை ஓட்டினால் வழக்கு உன் மேல் வரும். 25,000 ரூபாய் அபராதம், 3 வருடம் வரை சிறை. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அவனுக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடையாது. யார் மேலாவது மோதிவிட்டால், கொடுத்த நஷ்டஈட்டை இன்சூரன்ஸ் கம்பெனி உன்னிடமே திருப்பிக் கேட்கலாம். பணத்தை விடு, அடிபட்டவர் வீட்டுக்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

கானாடுகாத்தான் அண்ணன்: இது எதையும் நான் யோசிக்கவில்லை. சாவி என்னிடமே இருக்கட்டும்.

காரைக்குடி தம்பி: கதிர், 18 ஆனதும் எல்எல்ஆர் போடுவோம். ஞாயிறு தோறும் விடியற்காலையில் வருகிறேன். எல் போர்டு மாட்டி நீ ஓட்டு, சொல்லிக் கொடுக்க நான் பின்னால் உட்காருகிறேன். லைசென்ஸ் வரும்வரை கூட்டாளிகள் யாரையும் ஏற்றக் கூடாது.

கதிர்: சரி சித்தப்பா. அதுவரை பஸ்ஸிலேயே போகிறேன்.

தேவகோட்டை ஆச்சி: ஹெல்மெட் இரண்டு வாங்குங்கள். பின்னால் உட்காருகிறவனுக்கும் தலை இருக்கிறது.