ரோபோவுக்கு ‘ழ’ சொல்லிக் கொடுத்த கதை

செல்லூர்க்காரி:
என் மகளுக்கு ஐந்தரை வயது. வீட்டில் வாய் ஓயாது. வாசப்படி தாண்டினால் ஒரு வார்த்தை வராது. பள்ளியில் ஒரு வருடமாகத் தலையாட்டல்தான். ஒன்னுக்கு வருகிறது என்றுகூட மிஸ்ஸிடம் சொல்ல மாட்டாள். “வளர வளர சரியாயிரும்” என்று அவள் அப்பத்தா சொல்வார். எனக்குத்தான் தூக்கம் போனது.

போன கோடை விடுமுறையில் எங்கள் பக்கத்துப் படிப்பகத்துக்குக் கல்லூரி மாணவர்கள் நாலு பேர் சனிக்கிழமைதோறும் ஒரு ரோபோவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டடி உயரம். அட்டைப் பெட்டி உடம்பு. முகத்துக்கு ஒரு பழைய போன், அதில் இரண்டு கண்கள் சிமிட்டும். கழுத்து மட்டும் அங்கிட்டும் இங்கிட்டும் திரும்பும். அவ்வளவுதான். நான் ஜப்பான் ரேஞ்சுக்கு எதிர்பார்த்துப் போயிருந்தேன்.

படம் காட்டினால் பெயர் சொல்லும். வாழைப்பழத்தைக் காட்டினார்கள். “வாளப்பளம்” என்றது. (நானே அப்படித்தான் சொல்வேன், எனக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை.) என் மடியில் முகம் புதைத்திருந்தவள் தலையைத் தூக்கி, “வாழைப்பழம்” என்றாள். எனக்கே பாதிதான் கேட்டது. அது கழுத்தைத் திருப்பி, “வாலைப்பலம்?” என்றது. “ஐயோ, இல்ல! நாக்க மடிக்கணும்” என்று எழுந்து போய், போன் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து மடித்துக் காட்டினாள். சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தோம். அவள் எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை.

அது தப்பாகப் பேசியது வேண்டுமென்றேதானாம். சுவிட்சர்லாந்தின் லோசானில் இருக்கும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ரோபோவைக் கோணல்மாணலாக எழுதவைத்து, கையெழுத்து மோசமான பிள்ளைகளையே திருத்தச் சொல்லியிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டுத்தான் செய்தோம் என்றார் ஒரு தம்பி. எந்நேரமும் திருத்து வாங்குகிற பிள்ளைக்குத் திருத்துவதற்கு ஒரு ஆள் கிடைத்தால் எப்படி இருக்கும்!

நாலாவது வாரம் பாதிப் பேச்சில் சார்ஜ் போய் அது நின்றுவிட்டது. பசிக்குது போல என்று தன் முறுக்கில் ஒரு துண்டு ஒடித்து அதன் முன்னால் வைத்துவிட்டு வந்தாள்.

ஒத்தக்கடை டீச்சர்:
நான் சிறப்புக் கல்வி ஆசிரியை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளோடு வேலை. எங்களிடமும் கொஞ்ச நாள் ஒரு சின்ன ரோபோ இருந்தது. மனித முகத்தில் ஒரே நேரத்தில் பத்து விஷயம் நடக்கும். ரோபோ முகத்தில் ஒன்றுதான் நடக்கும். அதனால் சில பிள்ளைகளுக்கு அதைப் பார்ப்பது சுலபம். இங்கிலாந்தில் ஹெர்ட்போர்ட்ஷயர் பல்கலைக்கழகம் செய்த காஸ்பர் என்ற ரோபோவுக்கு அதற்காகவே உணர்ச்சி குறைவான முகம் வைத்தார்கள்.

ஆனால் எல்லாருக்கும் ஒத்துவராது. எங்கள் பையன் ஒருவனுக்கு அதன் மோட்டார் ‘ஞொய்ங்’ என்றாலே இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கதவுக்கு ஓடுவான். மூன்றாம் நாளே அவனுக்கு நிறுத்திவிட்டோம்.

இன்னொன்று. 2018-ல் யேல் பல்கலைக்கழக ஆராய்ச்சி ஒன்று வந்தது. ஆட்டிசம் உள்ள 12 பிள்ளைகளின் வீட்டில் 30 நாள், தினம் அரை மணி நேரம் ரோபோ. பெரியவர் ஒருவரும் கூடவே உட்கார்ந்தார். பிள்ளைகள் பார்வையைப் பகிர்வதில், அதாவது இன்னொருவர் பார்ப்பதைத் தானும் சேர்ந்து பார்ப்பதில், முன்னேறினார்கள். ரோபோவை எடுத்த ஒரு மாதத்தில் அதில் கொஞ்சம் கரைந்தும் போனது. அதனால் அந்த “கூடவே உட்கார்ந்தார்” என்பதைத்தான் நான் பெற்றோரிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

திருமங்கலத்தான்:
நான் காசு கொடுத்து வாங்கி அனுபவப்பட்டவன். கம்பெனி பேர் வேண்டாம். அது இங்கிலீஷ்தான் பேசும். பையன் “இங்கிட்டு வா” என்றால் முழிக்கும். நெட் போனால் வெறும் பொம்மை. இப்போது கொலுப்படியில் செட்டியார் பக்கத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் 799 டாலருக்கு விற்ற மாக்ஸி ரோபோவின் கம்பெனி 2024 டிசம்பரில் மூடப்போவதாக அறிவித்தபோது, அழுத பிள்ளைகளுக்கு என்ன சொல்வது என்று பெற்றோர் திண்டாடினார்கள். நெதர்லாந்தில் 194 பிள்ளைகளை வைத்து இங்கிலீஷ் வார்த்தை கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். டேப்லெட் மட்டும் வைத்துப் படித்தவர்களைவிட ரோபோவும் சேர்த்து வைத்துப் படித்தவர்கள் அதிகம் கற்கவில்லை. செல்லூர் அக்கா, ஒரே ஒரு கேள்வி. பாப்பா இப்போது வகுப்பில் பேசுகிறதா?

செல்லூர்க்காரி:
ஒரேயடியாக இல்லை தம்பி. ஜூனில் பள்ளி திறந்து மூன்றாவது வாரம்தான் மிஸ்ஸிடம் முதல் பேச்சு: “எங்க ரோபோவுக்கு ழ வராது மிஸ்.” அப்புறம் தண்ணீர் கேட்டாளாம். பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளையோடு சண்டைகூடப் போட்டிருக்கிறாள். பாட்டு ஒப்பிக்கச் சொன்னால் இன்னும் மௌனம்தான்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். அந்த ரோபோ தானாகப் பேசவில்லை. ஜன்னலுக்கு வெளியே திண்ணையில் லேப்டாப்போடு ஒரு தம்பி உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருந்தார். கடைசி நாள்தான் எனக்கே தெரியும். பாப்பாவுக்குத் தெரிந்தால் மனசு விட்டுப்போகுமே என்று பயந்து, வீட்டுக்கு வரும் வழியில் பேச்சுக் கொடுத்தேன். அவள் ரெண்டாவது வாரமே பார்த்துவிட்டாளாம்.

“பாவம்மா அந்த அண்ணன். காலேஜ் போயும் ழ வரல.”